இடது பக்கம், கீழே, படத்துக்கு அடியில்: படித்த பக்கத்தின் தோற்றம் நினைவில் எப்படித் தங்குகிறது?

பல வருடங்களுக்கு முன் படித்த ஒரு புத்தகத்திலிருந்து ஒரு வரி தேவைப்பட்டது. கடலோடிகளைப் பற்றிய புத்தகம். அந்த வரி எங்கே இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்: இடது பக்கம், கீழ்ப்பாதி, ஒரு கப்பல் படத்துக்கு அடியில். பத்திகூடச் சின்னது, நாலைந்து வரிதான் இருக்கும். இவ்வளவும் தெரிகிறது, அந்த வரி மட்டும் வரமாட்டேன் என்கிறது. அதில் 'துணிச்சல்' என்ற சொல் இருந்தது என்று உறுதியாக நம்பி, அதே புத்தகத்தின் மின்பதிப்பில் தேடிப் பார்த்தேன். அந்தச் சொல் வந்த இடங்கள் எதிலும் நான் தேடிய வரி இல்லை. தேடுபெட்டி எழுத்தைக் கேட்கிறது. என் கையில் இருந்ததோ இடம் மட்டும்.

தேர்வு எழுதிய எல்லோருக்கும் இது பழகிய தொல்லை. கேள்வியைப் பார்த்ததும் அந்தப் பக்கம் கண்முன் வந்து நிற்கும். வலது பக்கம், மேலே, பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள், பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடுகூட இழுத்திருந்தோம். எல்லாம் தெரியும், பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதைத் தவிர.

இதை வைத்துத்தான் பலர் "எனக்குக் கொஞ்சம் போட்டோகிராஃபிக் மெமரி உண்டு" என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் கொஞ்சம் யோசித்தால் இந்த அனுபவம் சொல்வது அதற்கு நேரெதிரானது. புகைப்படம் எடுத்திருந்தால் பெட்டிக்குள் இருந்ததையும் படித்துவிடலாமே! பக்கத்தின் தோற்றம் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்குள் பல விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. எழுத்தின் வடிவம், சொற்கள், அவை பக்கத்தில் இருந்த இடம். இவை எல்லாம் நினைவில் ஒரே மாதிரி தங்குவதில்லை. சில அரை நொடிகூடத் தாங்காது. சில வருடக்கணக்கில் நிற்கும்.

முதலில் கண்ணிலிருந்து தொடங்குவோம்.

படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாகத்தான் தோன்றும். உண்மையில் அது தாவித் தாவிப் போகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் எமில் ழவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் இதைக் கவனித்தார்கள். ஓரிடத்தில் ஏறக்குறைய கால் நொடி நிற்கும், அப்புறம் ஒரு தாவல், மறுபடி கால் நொடி. தாவும் நேரத்தில் நமக்கு அநேகமாக எதுவும் தெரிவதில்லை. நிற்கும் நேரத்திலும் கூர்மையாகத் தெரியும் பகுதி மிகச் சிறியது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு அகலம் தெரியுமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்கு வெளியே இருப்பதெல்லாம் மங்கல். ஆக, முழுப் பக்கமும் தெளிவாக ஒரே பார்வையில் உள்ளே போவது என்பது ஒருபோதும் நடப்பதில்லை. 'பக்கத்தைப் படம் பிடிப்பது' என்ற எண்ணம் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

சரி, துண்டு துண்டாகவாவது படம் பிடிக்கிறோமா? பிடிக்கிறோம், ஆனால் அது தங்குவதில்லை. 1960இல் ஜார்ஜ் ஸ்பெர்லிங் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த சோதனை இதை அழகாகக் காட்டியது. மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு என்று 12 எழுத்துகளை ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார். எல்லாவற்றையும் சொல்லச் சொன்னால் நாலைந்துக்கு மேல் யாராலும் முடியவில்லை. பிறகு ஒரு தந்திரம் செய்தார். எழுத்துகள் மறைந்த பின் ஒரு ஒலி. கீச்சென்ற ஒலி என்றால் மேல் வரிசை, நடுத்தரம் என்றால் நடு வரிசை, தடித்த ஒலி என்றால் கீழ் வரிசை. எந்த வரிசையைக் கேட்டாலும் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள்! அப்படியானால் 12 எழுத்தில் பெரும்பாலானவை உள்ளே எங்கோ இருந்திருக்கின்றன. ஆனால் ஒலியை ஒரு நொடி தாமதப்படுத்தினால் போதும், அந்த அனுகூலம் போய்விடுகிறது. ஆக, நம் எல்லோரிடமும் ஒரு கேமரா இருக்கிறது. அதில் விழும் படத்தின் ஆயுள்தான் ஒரு நொடிக்கும் குறைவு.

எழுத்தைப் பார்ப்பதே அதை மறப்பதற்காக

இதைவிட விசித்திரமான சோதனை ஒன்று உண்டு. 1979இல் ஜார்ஜ் மெக்கான்கி, டேவிட் ஸோலா என்ற இருவர் செய்தது. ஆங்கில எழுத்துக்குப் பெரியது, சிறியது என்று இரண்டு வடிவங்கள் உண்டல்லவா? ஒன்றுவிட்டு ஒன்று பெரியதும் சிறியதுமாக அமைந்த ஒரு பத்தியைத் திரையில் காட்டினார்கள். படிப்பவரின் கண்ணை ஒரு கருவி கவனித்துக்கொண்டிருக்கும். கண் தாவும் அந்தக் கணத்தில், திரையில் உள்ள அத்தனை எழுத்தும் வடிவம் மாறிவிடும்: பெரியதெல்லாம் சிறியது, சிறியதெல்லாம் பெரியது. அடுத்த தாவலில் மறுபடி மாறும். படித்தவர்கள் எதையும் கவனிக்கவில்லை. வேகம்கூடக் குறையவில்லை. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு மட்டும் திரை முழுக்கத் துடித்துக்கொண்டிருக்கும்.

இதன் பொருள் என்ன? ஒரு பார்வையிலிருந்து அடுத்த பார்வைக்குப் போவதற்குள், அதாவது கால் நொடியிலேயே, எழுத்தின் உருவத்தை மூளை கைவிட்டுவிடுகிறது. 'இது இன்ன எழுத்து' என்ற முடிவு மட்டும் மேலே போகிறது. அது எந்த அச்சுருவில், எவ்வளவு தடிமனில், என்ன வளைவோடு இருந்தது என்பதெல்லாம் அந்த முடிவு எடுக்கப்பட்டதும் தேவையற்றதாகிறது.

தமிழ் படிப்பவர்களுக்கு இதற்கு நல்ல உதாரணம் கைவசம் இருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகங்களில் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் தும்பிக்கை போல் மேலே வளைந்த ஒரு கொக்கியோடு இருக்கும். ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனித் துணைக்கால் இல்லாமல் சுழித்த வடிவம். பழைய பதிப்பு ஒன்றை எடுத்தால் முதல் இரண்டு பக்கம் உறுத்தும், பிறகு மறந்துபோகும். ஒரு மாதம் கழித்து, அந்தப் புத்தகத்தில் 'இல்லை' என்ற சொல் எந்த வடிவத்தில் இருந்தது என்று கேட்டால் நான் ஊகிக்கத்தான் வேண்டும். ஆயிரம் முறையாவது அந்தச் சொல்லைப் பார்த்திருப்பேன்.

எத்தனை தடவை பார்த்தாலும் இது மாறுவதில்லை என்பதுதான் வேடிக்கை. ஆங்கில அச்சில் சிறிய 'ஜி' எழுத்து பல எழுத்துருக்களில் இரண்டு வளையங்களோடு, மூக்குக்கண்ணாடியை நிமிர்த்தி வைத்தது போல் இருக்கும். 2018இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 38 பேரிடம் அச்சில் இரண்டு வடிவம் உள்ள சிறிய எழுத்துகளைச் சொல்லச் சொன்னார்கள். இந்த 'ஜி'யைக் குறிப்பிட்டவர்கள் இரண்டே பேர். இன்னொரு 25 பேரிடம் நான்கு வடிவங்களைக் காட்டி, சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது 7 பேர்தான் சரியாகச் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்க லட்சக்கணக்கில் அந்த எழுத்தைப் படித்தவர்கள் இவர்கள்!

மூளையில் இந்த வேலையைச் செய்வதற்கென்றே ஓரிடம் உண்டு. இடது பக்கம், பின்புறமாக, அடிப்பகுதியில். 1892இல் பிரெஞ்சு நரம்பியலாளர் ழூல் தெஜெரின், மூளையின் இடது பின்பகுதியில் பாதிப்பு ஏற்பட்ட ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவர் நன்றாகப் பேசுவார், எழுதவும் செய்வார். ஆனால் தான் எழுதியதைத் தானே படிக்க முடியாது. நூறு வருடம் கழித்து, மூளைப் படக் கருவிகள் வந்த பிறகு, ஸ்தானிஸ்லாஸ் தெஹேன், லோரான் கோஹன் ஆகியோர் சொல்லுருவை அடையாளம் காணும் பகுதியை விரிவாக ஆராய்ந்தார்கள். அளவு மாறினாலும், எழுத்துரு மாறினாலும், பெரிய எழுத்தோ சிறிய எழுத்தோ, அது ஒரே சொல்லாகவே எடுத்துக்கொள்கிறது. வேறுபாடுகளைப் புறக்கணிப்பதுதான் அதன் திறமை. அது நன்றாக வேலை செய்வதால்தான் நாம் வேகமாகப் படிக்கிறோம், வடிவத்தையும் மறக்கிறோம்.

வடிவம் போனது. சொற்களாவது நிற்குமா? இங்கேதான் என் 'துணிச்சல்' தேடல் ஏன் தோற்றது என்பது புரிகிறது. 1967இல் ஜாக்குலின் சாக்ஸ் செய்த சோதனையில், தொலைநோக்கி, கலிலியோ பற்றிய ஒரு பகுதியைக் கேட்க வைத்து, நடுவில் நிறுத்தி, முன்பு வந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பச் சொல்லி, இது அதேதானா என்று கேட்டார்கள். உடனே கேட்டால் சின்ன மாற்றத்தைக்கூடக் கண்டுபிடித்தார்கள். இடையில் 80 அசை அளவு வேறு வாக்கியங்கள் போய்விட்டால், அதாவது அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, சொல்லமைப்பு மாறியது தெரியவில்லை. பொருள் மாறியிருந்தால் மட்டும் "இது அது இல்லை" என்றார்கள். அந்தச் சோதனை காதால் கேட்டது பற்றியது என்றாலும், கண்ணால் படிப்பதிலும் இதே போக்குத்தான். பொருள் உள்ளே போனதும் சொற்கள் கழன்றுகொள்கின்றன.

ஒரேயடியாக எல்லாம் அழிந்துவிடுகிறது என்றும் சொல்லிவிட முடியாது. பால் கோலர்ஸ் என்பவர் தலைகீழாகத் திருப்பி அச்சடித்த பக்கங்களை மாணவர்களிடம் கொடுத்துப் படிக்கச் செய்தார். ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து அவர்களையே வரவழைத்து, பழைய பக்கங்களையும் புதிய பக்கங்களையும் கலந்து கொடுத்தார். முன்பு படித்த பக்கங்களைக் கொஞ்சம் வேகமாகப் படித்தார்கள். 1976இல் வெளியான இந்த ஆய்வு காட்டுவது, வடிவத்தின் சுவடு எங்கோ தங்குகிறது என்பதை. ஆனால் அது சைக்கிள் ஓட்டுவது போன்ற பழக்கத்தின் சுவடு. கூப்பிட்டால் வந்து கண்முன் நிற்கும் படம் இல்லை.

தங்கிப்போவது இடம்

வடிவம் கால் நொடி, சொல் அரை நிமிடம். அப்படியிருக்க இடது பக்கம், கீழே, படத்துக்கு அடியில் என்பது மட்டும் எப்படி வருடக்கணக்கில் நிற்கிறது?

1971இல் எர்ன்ஸ்ட் ராத்காஃப் என்ற உளவியலாளர் இதை முறையாகச் சோதித்தார். ஏறக்குறைய 3,000 சொற்கள், 12 பக்கம் கொண்ட ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார். பின்னால் இடத்தைப் பற்றிக் கேள்வி வரும் என்று யாரிடமும் சொல்லவில்லை, அதுதான் முக்கியம். படித்து முடித்ததும், கேள்விக்கான விடையோடு சேர்த்து, அந்தத் தகவல் பக்கத்தில் எந்த உயரத்தில் இருந்தது, கட்டுரையின் எந்தப் பகுதியில் வந்தது என்றும் கேட்டார். குருட்டாம்போக்கில் சொன்னால் எத்தனை சரியாக வருமோ, அதைவிடத் தெளிவாக அதிகம் சரியாகச் சொன்னார்கள். யாரும் முயற்சி எடுத்து மனப்பாடம் செய்யவில்லை. இடம் தானாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

இரண்டு விஷயங்களை இங்கே கவனிக்க வேண்டும். ஒன்று, அவர்கள் சொன்னது துல்லியமான இடத்தை இல்லை. 'மேல்பக்கம்', 'அடியில்' என்கிற அளவில்தான். நம் மனத்தில் தெளிவாகத் தெரிவதாகத் தோன்றும் பக்கம் உண்மையில் மங்கலான ஒரு வரைபடம். மற்றொன்று, விடையைச் சரியாகச் சொன்னவர்கள் இடத்தையும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. இதைப் படித்துவிட்டுச் சிலர், "இடத்தை நினைவில் வைத்தால் பாடம் தானாக வரும்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கவனமாகப் படித்த பகுதியில் இரண்டுமே நன்றாகப் பதிந்திருக்கலாம். இடம் காரணமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இடத்தை ஏன் மூளை பிடித்து வைக்கிறது? ஒரு காரணம் படிப்பதிலேயே இருக்கிறது. கண் முன்னோக்கி மட்டும் போவதில்லை. பத்துத் தாவலில் ஒன்றாவது பின்னோக்கிப் போகும். குழப்பமான வாக்கியம் வந்தால், 'அவர்' என்று யாரைச் சொல்கிறார்கள் என்று பார்க்கத் திரும்புவோம். அப்போது பக்கத்தை முதலிலிருந்து தேடுவதில்லை, ஏறக்குறைய சரியான பகுதிக்கே கண் தாவுகிறது, பிறகு சின்னச் சின்ன அடிகளில் சொல்லைக் கண்டுபிடிக்கிறது. ஆக, எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு படிக்கும்போதே தேவைப்படுகிறது.

இன்னொரு காரணம் பழமையானது. எழுத்து என்பது சில ஆயிரம் வருடங்களாகத்தான் இருக்கிறது. எங்கே தண்ணீர், எங்கே பழமரம், எங்கே ஆபத்து என்று நினைவில் வைக்க வேண்டிய தேவை அதற்கு எவ்வளவோ முன்பிருந்தே உண்டு. நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் தூண்டப்படும் செல்கள் இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971இல் எலிகளிடம் கண்டார். 2014இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நடந்ததை நினைவில் வைக்கும் கருவியும் இடத்தை அறியும் கருவியும் வெறுமனே அக்கம்பக்கத்தில் இல்லை, ஒன்றோடொன்று பின்னியே கிடக்கின்றன. புத்தகத்தின் பக்கத்தையும் நாம் ஒரு சின்ன நிலப்பரப்பாக எடுத்துக்கொள்கிறோம் என்று வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் பொருந்திவருகின்றன. படம் ஒரு குன்று, தலைப்பு ஒரு மைல்கல், பத்திக்கு நடுவே உள்ள வெற்றிடம் ஒரு வாய்க்கால்.

2000ஆம் ஆண்டில் டேனியல் ரிச்சர்ட்சன், மைக்கேல் ஸ்பைவி இருவரும் திரையை நான்கு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் தோன்றி ஒரு தகவலைச் சொல்லும்படி செய்தார்கள். பிறகு கட்டங்கள் காலி. கேள்வி கேட்டபோது, அந்தத் தகவலைச் சொன்னவர் இருந்த காலிக் கட்டத்தை நோக்கிக் கண்கள் போயின. அங்கே பார்க்க எதுவும் இல்லை. அந்தச் சோதனையில், அப்படிப் பார்த்ததால் பதில் கூடுதலாகச் சரியாகவும் வரவில்லை. ஆனாலும் கண் போகிறது. தேர்வு அறையில் விட்டத்தின் இடது மூலையை வெறித்துப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இந்த இட நினைவு ஒரு 'படம்' கூட இல்லை என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. மனக்கண்ணில் எந்தப் படமும் தெரியாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். கண்ணை மூடி அம்மாவின் முகத்தை நினை என்றால் வெறும் இருட்டுதான் தெரியும் அவர்களுக்கு. 2015இல் ஆடம் ஸீமன் இதற்கு அஃபாண்டேசியா என்று பெயர் வைத்தார். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படிப்பட்டவர்களிடம் அறைகளின் புகைப்படங்களைக் காட்டி, பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். பொருட்களை மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள், நிறமும் குறைவு. ஆனால் வரைந்த பொருட்களை அவை இருந்த இடத்தில் சரியாக வைத்திருந்தார்கள். படம் இல்லாமலேயே இடம் தெரிகிறது. மறுகோடியில் வேறு விதமானவர்களும் உண்டு: பிறர் பேசும் சொல்லெல்லாம் அச்சிட்ட எழுத்தாக மனத்தில் ஓடுவதாகச் சொன்ன சிலரைப் பற்றி ஃபிரான்சிஸ் கால்டன் 1883இலேயே எழுதியிருக்கிறார்.

அப்படியானால் போட்டோகிராஃபிக் மெமரி? சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. கீழே உள்ள கட்டத்தை மனத்தில் பதியும்வரை பாருங்கள்.

க ம த ல
ர ப ன ச
வ ட ய ந
ள ண ற ழ

இப்போது பார்க்காமல் வரிசையாகச் சொல்லுங்கள். வந்துவிடும். அடுத்து, மூன்றாவது நெடுவரிசையைக் கீழிருந்து மேலாகச் சொல்லுங்கள். மனத்தில் இருப்பது உண்மையிலேயே படம் என்றால் எந்தத் திசையில் படித்தாலும் ஒரே வேகம்தான் இருக்க வேண்டும். அநேகமாக எல்லோரும் இரண்டாவதில் திணறுவார்கள், ஒவ்வொரு வரிசையையும் மனத்துக்குள் முதலிலிருந்து சொல்லிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். ஆல்ஃப்ரெட் பினே 1890களில் இது போன்ற எண் சதுரங்களைத்தான் மின்னல்வேகக் கணக்கர்களிடம் கொடுத்துச் சோதித்தார். குழந்தைகளில் ஒரு சிறு பகுதியினருக்குப் பார்த்த படம் சிறிது நேரம் கண்முன் அப்படியே நிற்பது உண்டு. அதிலும் தவறுகள் இருக்கும், கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். பெரியவர்களிடம் அதைக் காண்பதே அரிது.

பக்கத்தை நம்பியவர்கள்

படம் பொய்யாக இருக்கலாம், ஆனால் பக்கத்தின் இடத்தை நினைவுக்குப் பிடிமானமாக வைத்துக்கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. 1ஆம் நூற்றாண்டின் ரோமானியப் பேச்சுக்கலை ஆசிரியர் குவிந்திலியன், பேச்சை எந்த மெழுகுப் பலகையில் எழுதினாயோ அதையே வைத்து மனப்பாடம் செய் என்கிறார். பேசும்போது பக்கங்களும் ஏறக்குறைய வரிகளும் மனக்கண்ணில் தெரியுமாம். அடித்தல் திருத்தல், நடுவே செருகியது எல்லாம் வழி தவறாமல் இருக்க அடையாளமாக உதவும் என்கிறார். கையெழுத்துப் படியைச் சுத்தமாகப் பிரதி எடுக்கச் சொல்லி நம்மை வதைத்த ஆசிரியர்கள் இதைப் படித்திருக்கலாம்.

12ஆம் நூற்றாண்டில் பாரிஸில் செயின்ட் விக்டர் மடத்தைச் சேர்ந்த ஹியூ தன் மாணவர்களுக்கு இன்னும் விரிவாகச் சொன்னார்: எழுத்தின் நிறம், வடிவம், அது பக்கத்தின் மேலேயா நடுவிலா கீழேயா என்பது, எல்லாவற்றையும் சேர்த்துக் கவனியுங்கள். ஒரு பிரதியில் படித்த சிறுவன் அடுத்த முறை வேறு பிரதியில் படித்தால் மனத்தில் பதிய எவ்வளவு கஷ்டப்படுகிறான், பார்த்ததில்லையா என்று கேட்கிறார். எண்ணூற்றுச் சொச்சம் வருடம் கழித்தும் இந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

குர்ஆனை மனனம் செய்பவர்களை எப்போதும் ஒரே அச்சுப் பிரதியையே பயன்படுத்தச் சொல்வதும் இதனால்தான். மதீனாவில் அச்சாகும் பரவலான பதிப்பில் 604 பக்கங்கள், பக்கத்துக்கு 15 வரி, ஒவ்வொரு பக்கமும் ஒரு வசனத்தின் முடிவோடு முடியும். எந்தப் பிரதியை எடுத்தாலும் அந்த வசனம் அதே இடத்தில்தான்.

யூதர்களின் தல்மூத் நூலும் இப்படித்தான், பல நூற்றாண்டுகளாக அதன் பக்க அமைப்பு மாறவில்லை. அதை வைத்து ஒரு பிரமிப்பான செய்தி இருக்கிறது. 1917இல் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற உளவியலாளர், நேரில் கண்டவர்களின் சாட்சியங்களைத் திரட்டி வெளியிட்டார். போலந்தைச் சேர்ந்த சில தல்மூத் மாணவர்களுக்கு முன் ஒரு தொகுதியைத் திறந்து, ஒரு சொல்லின் மேல் குண்டூசியை வைத்து, அது பல பக்கங்களைத் துளைத்துக்கொண்டு போனால் இத்தனையாவது பக்கத்தில் எந்தச் சொல்லைத் தொடும் என்று கேட்பார்களாம். சொல்லிவிடுவார்களாம். இவர்களில் யாரும் பெரிய அறிஞராகப் பெயர் எடுக்கவில்லை என்றும் அந்தச் சாட்சிகளில் ஒருவர் சொல்கிறார். இடமும் சொல்லும் இருந்தும் பொருளோடு அதிகம் உறவாடவில்லை போலிருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு நேர் எதிர்.

(பக்கமே இல்லாதபோது என்ன செய்வது? நம் அந்தாதியைப் பாருங்கள். ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்குகிறது. கண்ணுக்கு இடம் இல்லாததால் காதுக்கு இடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.)

திரையில் படிக்கும்போது இந்தப் பிடிமானம் தளர்கிறது. உருட்டிக்கொண்டே போகும் திரையில் ஒரு வரிக்கு நிலையான இடம் கிடையாது. கீழே தோன்றும், நடுவுக்கு வரும், மேலே மறையும். மின்நூல் கருவியில் எழுத்தின் அளவை ஒரு படி கூட்டினால் எல்லா வரியும் இடம் பெயரும். 2019இல் ஆன் மாங்கென் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 50 பேர் 28 பக்கம் கொண்ட ஒரே கதையைப் படித்தார்கள், பாதிப் பேர் அச்சில், மீதிப் பேர் கிண்டிலில். பெரும்பாலான கேள்விகளில் இரு தரப்பும் ஒன்றுபோலவே பதில் சொன்னார்கள். எந்த நிகழ்ச்சி எதற்குப் பின் நடந்தது, கதையின் எந்தப் பகுதியில் வந்தது என்ற கேள்விகளில் மட்டும் அச்சில் படித்தவர்கள் முந்தினார்கள். இடது கைப் பக்கம் தடித்து வலது கைப் பக்கம் மெலிந்துகொண்டே வருவது ஒரு கடிகாரம் போல வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். இதை வைத்துத் திரையில் படிப்பதே வீண் என்று ஒப்பாரி வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டும் பிடிஎஃப் கோப்பில் இடம் அசையாமல்தானே இருக்கிறது. ஆனால் நீளமான ஒன்றை நினைவில் வைக்கப் படிக்கிறேன் என்றால், உருட்டும் வடிவத்தை நானும் தவிர்க்கிறேன்.

எழுத்துருவை மாற்றினால் நினைவு கூடுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னச் செய்தி. படிக்கக் கடினமான எழுத்துரு நினைவில் நன்றாக நிற்கும் என்ற கருத்து 2011 வாக்கில் பிரபலமானது. 2018இல் ஆஸ்திரேலியாவில் அதற்கென்றே, நடுநடுவே இடைவெளி விட்டுச் சாய்ந்த ஓர் எழுத்துருவை உருவாக்கினார்கள். பெயர் சான்ஸ் ஃபர்கெட்டிகா. 2020இல் வேறு ஆய்வாளர்கள் சோதித்தபோது நினைவுக்கு அதனால் எந்த நன்மையும் தென்படவில்லை. எழுத்தின் உருவத்தை மூளை எவ்வளவு சீக்கிரம் கைவிடுகிறது என்று மேலே பார்த்தோமே, எனக்கு இது ஏமாற்றமாக இல்லை.

மாணவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு என்றால், பக்கம் கண்முன் வருவதை 'எனக்கு இது தெரியும்' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த உணர்வு இடத்தைப் பற்றியது. புத்தகத்தை மூடிவிட்டுப் பெட்டிக்குள் இருந்ததை எழுதிப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

என் வரிக்கு வருகிறேன். மின்பதிப்பில் கிடைக்காததால் பரண் மேலிருந்து பழைய பிரதியைத் தேடி எடுத்தேன். கீழ்ப்பாதியில் படம் உள்ள இடது பக்கங்களை மட்டும் புரட்டினேன். இல்லை. அலுத்துப்போய் எல்லாப் பக்கத்தையும் புரட்டியபோது கிடைத்தது. வலது பக்கம். கீழே, படத்துக்கு அடியில், நாலு வரிப் பத்தி, அதெல்லாம் சரி. ஆனால் அந்தப் படம் கப்பலே இல்லை, ஒரு கடல் வரைபடம். 'துணிச்சல்' என்ற சொல்லும் இல்லை. அங்கே இருந்தது 'தைரியம்'.